ஈரப்பதம் எண்பத்து மூன்று

வல்திவியாவில் மழை நின்றதா என்று
யாரும் கேட்பதில்லை.
ஆய்வகச் சுவரில் தொங்கும் சின்னக் கருவி
எண்பத்து மூன்று காட்டுகிறது.
நாற்பதுக்குக் கீழே வந்தால்தான்
என் இழை இழையாகும்.
அதுவரை ஊசிமுனையில் தொங்குவது
வெறும் துளி.

ஆற்றங்கரைச் சந்தையில் பால்தொமேரோ
நண்டை உடைத்துச் சதையை விற்கிறார்.
ஓடு எனக்கு.
"இதை வைத்து என்ன சமைப்பாய், எதுவிகிஸ்?"
அவர் முதுகுக்குப் பின்னால்
மீன்தலைக்கு வாய்பிளந்து கிடக்கும் கடற்சிங்கங்கள்கூட
ஓட்டைத் தொடுவதில்லை.

அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துப் போகும்.
காரத்தில் கொதித்தால் புரதம் போகும்.
இன்னும் கடுமையான காரத்தில், இன்னும் கொதித்து,
கடைசியில் மிஞ்சுவது
உமிபோல் வெளுத்த செதில். கைட்டோசான்.
வினிகரில் கரைத்தால் பாகு.
என் பை, தலைமுடி, பேருந்தில் நான் எழுந்துபோன இருக்கை
எல்லாம் ஊறுகாய் வாடை.

தனியாக அது நூலாக மறுக்கிறது.
ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்ததைத் தள்ளுகிறது,
எல்லாம் ஒரே மின்னூட்டம், நேர்.
கைகோக்க ஒரு துணை வேண்டும்: புல்லுலான்.
அதை யார் தருவது தெரியுமா?
ஒரு பூஞ்சை.
இலைமேல் தன்பாட்டில் வாழ்ந்துகொண்டிருந்த ஒன்று.

இருபதாயிரம் வோல்ட்.
துளி கூம்பாகி
கூம்பின் நுனி கண்ணுக்குத் தெரியாத சாட்டையாகிச்
சுழன்று தகட்டில் படிகிறது.
பார்த்தால் ஒன்றுமில்லை.
இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்
யாரோ மூச்சுவிட்ட கண்ணாடி.
நான்கு மணி நேரம் கழித்து
நகத்தால் உரித்தெடுக்க ஒரு தோல்.
என் ஒரு தலைமுடியின் தடிமனில்
ஐந்நூறு இழை அடுக்கலாம்.

இதெல்லாம் ப்ளூபெர்ரிக்காக.
ரோட்டர்டாம் போக நாலு வாரம் கப்பல்.
ஒரு பழத்துக்கு நரைத்தால் போதும்,
பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஒரே கம்பளி.
பொத்ரிதிஸ், சாம்பல் பூசணம்.
நுண்ணோக்கியில் அது
குலை தள்ளிய கண்ணாடி மரங்கள்.
அழகு என்று சொல்வேன்,
அறையில் யாரும் இல்லாதபோது.

அதன் சுவரில் இருப்பது என்ன என்று
பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்டது:
கைட்டின்.
நண்டோட்டில் இருக்கிறதே, அதேதான்.
அந்த வரியை மூன்று முறை படித்தேன்.
கடலடியில் ஒன்று, பழத்தோலில் ஒன்று,
ஒருநாளும் சந்தித்திராத இரண்டும்
ஒரே துணியை உடுத்தியிருக்கின்றன.
ஒன்றின் சட்டையைக் கழற்றி வேகவைத்து
மற்றதன் மேல் போர்த்துகிறேன் நான்.
முள்ளை முள்ளால் எடுப்பது என்றார்கள்.
இல்லை.
இது உறவுக்காரனை முன்னே அனுப்பி
கதவைத் தட்டச் சொல்வது.

பதினோராம் நாள்.
ஒன்பது தட்டுகளில் பூசணம்
இழையின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது,
நடுவில் நிலவைச் சுற்றிய வெளிபோல் ஒரு வட்டம்.
பத்தாவதில்
இழைமேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.
ஈரமுறிஞ்சி பழுதான செவ்வாய்க்கிழமைத் துண்டு அது.
இழையில்லை, மணிமணியாகத் துளிகள்.
"ஒன்பதை எழுது" என்றார் ஒயார்சுன்.
பத்தாவது?
"அதையும் எழுது. அடியில்."
முதல் வரியில் எழுதினேன்.

வீட்டில் ரொட்டிக்குப் பச்சைப் புள்ளி.
அந்தப் பாதியை எறிந்துவிட்டு
மறுபாதியைச் சுட்டுத் தின்றேன்.
குளியலறைக் கூரையின் மூலையில்
வாடகை கொடுக்காத கறுப்பு
இந்த வாரம் ஒரு விரற்கடை முன்னேறியிருக்கிறது.

திங்கள் காலை பால்தொமேரோ மறுபடி கேட்டார்.
"சட்டை நெய்கிறேன்."
"யாருக்கு?"
"பூசணத்துக்கு."
அவர் சிரிக்கவில்லை.
ஓட்டில் ஒட்டியிருந்த சதையைக் கத்தியால் சுரண்டி
பின்னால் வீசிவிட்டு எடை போட்டார்.
முள்ளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்.
"இதில் கால் கிலோ தண்ணீர்.
அதற்குக் காசு வேண்டாம்."